நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்

திண்டுக்கல்லில் இருந்து கரூர் சாலையில் வடக்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு. குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தேய்பிறை அஷ்டமி அன்று சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிட வெளியூர்க் கூட்டம் வந்து குவியும். பேருந்தை விட்டு இறங்கிக் கோயிலுக்கு நடக்கிற பெரியவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு வகை நடை கண்ணில் படும். கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார். செல்போனை எடுத்துப் பார்ப்பார். பூக்கடையில் விலை கேட்பார், வாங்க மாட்டார். இரண்டு நிமிடம் போனதும் மறுபடி நடப்பார். கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி நிற்பார். கூட வந்த மகளைக் கேட்டால், "அப்பாவுக்கு வயசாயிருச்சு" என்று சொல்வாள். அவரையே கேட்டால் வேறு பதில் வரும்: "கெண்டச்சத புடிச்சு இழுக்குது. செத்த நின்னா விட்ருது."

அந்தக் கடைசி மூன்று சொல்லில் நோய் தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் என்றால் முதல் எட்டிலேயே வலிக்கும். முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கப்பட்டால் நின்றாலும் விடாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். நடந்தால் வந்து, நின்ற இடத்திலேயே சில நிமிடத்தில் அடங்கி, அதே தூரம் நடந்ததும் திரும்பி வருகிற கெண்டைக்கால் வலி காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருப்பதன் அடையாளம். மருத்துவத்தில் புற தமனி நோய். ஊர்ப் பேச்சில் கால் ரத்தக்குழாய் அடைப்பு. ஆனால் அந்தப் பெயர் வாய்க்கு வருவதற்குள் வாயு, நரம்புத் தளர்ச்சி, தைலம், வெந்நீர் ஒத்தடம், கால்சியம் மாத்திரை என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

இந்த வலி முதலில் எழுத்தில் ஏறியது ஒரு குதிரையின் கதையாக. 1831-ல் பாரிஸில் பூலே என்ற கால்நடை மருத்துவர், வண்டி இழுக்கும்போது நொண்டி, நிறுத்தினால் சரியாகிவிடுகிற குதிரையைப் பரிசோதித்துக் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பைக் கண்டார். அதே நாட்டின் ஷார்கோ 1858-ல் மனிதரிடமும் இதே நோய் இருப்பதைக் காட்டினார். ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னமும் நம் வீடுகளில் இதற்கு வயசு என்றுதான் பெயர்.

வலி மட்டுமே என்றால் சகித்துக்கொண்டு போகலாம். காலின் தமனியில் படிந்த கொழுப்பும் சுண்ணமும் அங்கே மட்டும் படிவதில்லை. காலில் அடைப்பு உள்ளவரின் இதயத்திலும் கழுத்துத் தமனியிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும். இந்த நோயாளிகளில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் உயிரை இழப்பவர்களே அதிகம். பூக்கடை முன்னால் நிற்கிற அந்தப் பெரியவரின் நெஞ்சுக்கும் சேர்த்துத்தான் கால் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறது.

குழாய் பாதி, அணு பாதி

தொப்புள் மட்டத்தில் மகாதமனி இரண்டாகப் பிரிந்து, தொடை வழியே இறங்கி, முழங்காலின் பின்பக்கம் நுழைந்து, கெண்டைக்குள் கிளைவிட்டுப் பாதம் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும்போது கெண்டைத் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். பாதி அடைபட்ட குழாயும் அந்தக் கொஞ்சத்தைத் தந்துவிடும். வேகமாக நடக்கும்போது நல்ல காலில் தசைக்கான ரத்த ஓட்டம் பத்து மடங்குக்கும் மேல் ஏறும். அடைபட்ட தமனியால் அந்த ஏற்றத்தைத் தர முடியாது. ஆக்சிஜன் போதாத தசை ஆக்சிஜன் இல்லாத வழியில் சர்க்கரையை உடைக்கத் தொடங்கும். கழிவு சேரும், சதை பிடிக்கும். நின்றால் தேவை இறங்கும், வலி அடங்கும்.

இதுவரை எந்த மருத்துவமனைச் சுவரொட்டியிலும் இருக்கும். அதில் இல்லாத பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. குழாய்க்குள் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம். ஒவ்வொன்றும் ஏழெட்டு மைக்ரான் குறுக்களவு கொண்ட, நடுவில் குழிந்த தட்டு. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தமனி கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் தந்துகி ஆகிறது. அதன் அகலம் ஐந்து மைக்ரான், சில இடங்களில் அதற்கும் கீழே. எட்டு ஐந்துக்குள் நுழைய வேண்டும். மில் வேனில் கடைசி ஆளாக ஏறுகிற பெண்ணைப் போலச் சிவப்பணு உடம்பை ஒடுக்கி, மடங்கி, வளைந்து உள்ளே போகிறது. அந்த நெருக்கத்தில்தான் ஆக்சிஜன் கை மாறுகிறது.

மடங்குவதற்குச் சக்தி வேண்டும். இங்கேதான் ஒரு விசித்திரம். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலேயே உட்கருவையும், அங்கிருந்து வெளியேறி முதிர்கிறபோது மைட்டோகாண்ட்ரியாவையும் துறந்துவிடுகிறது. உடம்புக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கிற இந்த அணு தன் பிழைப்புக்கு அதில் துளியும் எடுத்துக்கொள்வதில்லை. மற்ற அணுக்கள் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் இருந்து ஏறத்தாழ முப்பது ஏடிபி சம்பாதிக்கும்போது சிவப்பணு சம்பாதிப்பது நிகரமாக இரண்டு. ஏடிபிதான் உயிரணுக்களின் கைச்செலவுக் காசு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு அது உள்ளே புகும் சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே தள்ள வேண்டும், தோலை இளக்கமாக வைத்திருக்க வேண்டும். இப்படி 120 நாள் ஓட வேண்டும்.

காசு தீர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் வீட், லாசெல், மெரில் மூவரும் 1969-ல் இதைச் சோதித்தார்கள். சிவப்பணுக்களைச் சர்க்கரை கிடைக்காமல் ஒரு நாள் போல வைத்திருந்தார்கள். ஏடிபி வடிந்தது. தட்டு வடிவம் போய், முள் முளைத்து, உருண்டையாகி, தோல் விறைத்தது. அந்த அணுவை நுண்குழாய்க்குள் இழுக்கத் தேவைப்பட்ட விசை பல மடங்கு ஏறியது. ஏடிபியை மீட்டுக் கொடுத்ததும் இளக்கம் திரும்பியது. ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு அணு அளவில் ஒரு பொருள் இருப்பது அன்று கண்கூடானது.

அந்தச் சிறு வருமானத்திலும் சிவப்பணு ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது என்பது இன்னும் வியப்பு. சர்க்கரையை உடைக்கும் பாதையின் நடுவே ஒரு கிளைவழி உண்டு. அதில் போனால் ஏடிபி கிடைக்காது. அதற்குப் பதிலாக டிபிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பாஸ்பேட் பொருள் கிடைக்கும். இது ஹீமோகுளோபினின் நடுவில் போய் உட்கார்ந்து, பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனைத் தளர்த்தி விடுவிக்கச் செய்கிறது. நியூயார்க்கில் பெனிஷ் தம்பதி 1967-ல் இதைக் கண்டு சொன்னார்கள். உயரமான மலையில் தங்குபவர்களுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் டிபிஜி கூடும். குறைவாக வருவதை முழுதாக இறக்கிவிட்டுப் போ என்று உடம்பு போடும் உத்தரவு அது. கால் தமனி சுருங்கியவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை.

ரத்தசோகையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதி அடைபட்ட குழாயில் பாதிச் சுமையோடு அணுக்கள் போனால் கணக்கு எங்கே போய் நிற்கும்? கால் வலி என்று வருகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு பார்ப்பது பெரிய செலவு இல்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கதர் போட்ட மாணவர்

ஏடிபி என்றதும் ஒரு மனிதரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தவர். படித்தது சென்னையில்: திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவைக்கூடத்துக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதில் ஒரு படி குறைந்த எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏடிபியையும் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டார். பாடப்புத்தகங்களில் லோமன் பெயர் பெரிதாகவும் சுப்பாராவ் பெயர் சிறிதாகவும் இருப்பது வேறு கதை.

பாஸ்போகிரியேட்டின் என்பது தசை அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பு. நடை தொடங்கியதும் முதலில் கரைவது அதுதான். நின்றதும் மறுபடி நிரம்ப வேண்டும். கால் தமனி அடைபட்டவர்களின் கெண்டைத் தசையில் இந்தச் சேமிப்பு நிரம்ப அதிக நேரம் எடுப்பதை இன்று ஸ்கேன் கருவியிலேயே பார்க்க முடிகிறது. பூக்கடையில் விலை கேட்டபடி கழிகிற அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பது சுப்பாராவ் கண்டுபிடித்த பொருளின் மறுநிரப்பல். அவருடைய குழு 1947-ல் கொண்டுவந்த டிஇசி மருந்து தமிழ்நாட்டின் இன்னொரு கால் நோயான யானைக்கால் ஒழிப்புக்கு வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை. நம் கால்களுக்கு இவ்வளவு கடன் கொடுத்த ஒருவருக்கு நம் ஊர்களில் ஒரு தெருப் பெயர்கூட அபூர்வம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்ட நாள் 2022 ஜனவரி 12. அது அவருடைய பிறந்த நாள் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ஏடிபிக்கு இன்னொரு வேலையும் இருப்பது 1990-களில் தெரியவந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தில் பெர்க்ஃபெல்டும் ஃபாரெஸ்டரும் 1992-ல் ஆக்சிஜன் குறைந்த சூழலில் சிவப்பணுக்களை விட்டுப் பார்த்தார்கள். தன்னிடம் இருந்த சொற்ப ஏடிபியில் கொஞ்சத்தை அணு வெளியே விட்டது. அது ரத்தக்குழாயின் உட்சுவரைத் தொட, சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் விரிகிறது. ஆக, ஆக்சிஜன் வற்றிய இடத்துக்கு வந்த சிவப்பணுவே வழியை அகலமாக்கு என்று கேட்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டவர்களுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்பிரேக் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் சிவப்பணுக்களில் ஏடிபியை வெளிவிடும் திறன் குறைந்திருப்பதைக் காட்டியது. சுகர்காரர் காலில் குழாயும் சுருங்குகிறது, வழி கேட்கும் குரலும் அடங்குகிறது.

புகையிலைச் சீமையில்

தாடிக்கொம்பைத் தாண்டி அதே சாலையில் போனால் வேடசந்தூர். மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் 1948-ல் இங்கே ஒரு ஆய்வு நிலையம் தொடங்கியது. உப்புக் கிணற்றுத் தண்ணீரிலும் விளைகிற பயிர் என்பதால் இந்த வறண்ட சமவெளிக்குப் புகையிலை ஒட்டிக்கொண்டது. திண்டுக்கல் சுருட்டு ஒருகாலத்தில் கடல் கடந்தது. லண்டனில் ஒரு கடை 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்றே பெயர் வைத்து விற்றது. இப்போது இங்கே விளைவதில் பெரும்பங்கு வெற்றிலையோடு மெல்லும் புகையிலை. ஒரு வட்டாரத்தின் சோற்றுக்கு ஆதாரமாக இருந்த செடியைப் பழிப்பது எளிது, அதை நட்டவருக்கு மாற்றுப் பயிர் காட்டுவது கடினம். ஆனாலும் கால் தமனிக்குப் புகையைப் போல எதிரி வேறில்லை என்பதை இந்த ஊரில்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

பீடியோ சிகரெட்டோ இழுக்கும்போது ரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். பிடித்த இருக்கையில் ஆக்சிஜனுக்கு இடமில்லை. அதோடு நிற்காது. பக்கத்து இருக்கையில் உள்ள ஆக்சிஜனையும் தசைக்கு இறக்கவிடாமல் இறுக்கிவிடும். டிபிஜி தளர்த்துவதை இது இறுக்குகிறது. நிகோடின் குழாயைச் சுருக்குகிறது. புகையின் மற்ற ரசாயனங்கள் குழாயின் உட்சுவரை அரிக்கின்றன. பீடி சின்னதுதானே என்பவர்களுக்கு: அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அதில் சிகரெட்டைவிட அதிகம்.

இளவயதுக்காரர்களையும் விடாத ஒரு நோய் உண்டு. நியூயார்க்கில் லியோ பர்கர் 1908-ல் வெட்டி எடுக்கப்பட்ட பதினோரு கால்களை ஆராய்ந்து எழுதியதால் பர்கர் நோய் என்று பெயர். முப்பது, நாற்பது வயதில் பீடி பிடிக்கும் ஆண்களின் விரல் நுனியில் தொடங்கும். இங்கே கொழுப்புப் படிவு இல்லை. சிறு தமனிகள் வீங்கி, ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும். இந்தியாவில் இது அரிதல்ல. இதற்கு எத்தனையோ மருந்துகள் முயன்று பார்த்தாயிற்று. புகையை அடியோடு விட்டவர்களின் கால் பெரும்பாலும் தப்புகிறது, விடாதவர்கள் விரல் விரலாக இழக்கிறார்கள்.

பெரும்பான்மையான கொழுப்புப் படிவு வகையிலும் புகையை விடுவதன் பலன் கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் நான்கு வட்டாரங்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களைக் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. புகையை விட்ட ஐந்தாண்டுக்குள்ளேயே ஆபத்து கணிசமாக இறங்கியது. ஒருநாளும் புகைக்காதவரின் நிலைக்கு இறங்க இதயத்துக்கு 20 ஆண்டு ஆனது, கால் தமனிக்கு 30 ஆண்டு. கால் மறப்பதில்லை.

சர்க்கரையின் ஊமைத்தனம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில் மொத்த மக்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் 6.3, சர்க்கரை இல்லாதவர்களிடம் 2.7. மேல்நாட்டைவிடக் குறைவுதான். ஆனால் நம் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் மிதக்கும் மிகுதிச் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் 1968-ல் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கவனித்த அந்த ஒட்டல்தான் இன்று எல்லா லேபிலும் எடுக்கும் மூன்று மாதச் சர்க்கரை, எச்பிஏ1சி. சிவப்பணு 120 நாள் வாழ்வதால்தான் அது மூன்று மாதக் கணக்கைச் சொல்ல முடிகிறது. சர்க்கரை ஒட்டிய அணுக்களின் இளக்கம் குறைகிறது, ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்ளும் குணம் கூடுகிறது. தந்துகி வாசலில் இது சிறிய விஷயமல்ல.

இதைவிட ஆபத்தானது மௌனம். பல ஆண்டுச் சர்க்கரை பாதத்தின் நரம்பைக் கொன்றுவிடுகிறது. தமனி அடைபட்டும் வலி தெரியாது. நின்று நின்று நடக்கிற அந்தக் கட்டமே வராமல் நேரே ஆறாத புண்ணில் போய் நிற்பார்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, மரத்துப் போன காலுக்குச் சூடு தெரியாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, இப்படித் தொடங்கும். இன்னொரு அறிகுறியை வீட்டார் கவனிக்கலாம். இரவில் பாதம் எரிந்து, கட்டிலில் இருந்து காலைத் தொங்கப் போட்டால் இதமாக இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றால், புவியீர்ப்பை நம்பித்தான் ரத்தம் பாதத்துக்கு இறங்குகிறது என்று பொருள். தொங்கப் போட்டதால் கால் வீங்கும். நீர் கோத்திருக்கிறது என்று வேறு மருந்துக்குப் போவார்கள். அதுவரை நன்றாக இருந்த கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் காத்திருக்கவே கூடாது. ஆறு மணி நேரம் தாண்டினால் காலைக் காப்பது கடினம்.

செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

தாடிக்கொம்பு கோயிலில் தாயார் சன்னதி முன்மண்டபத்தில் ஆளுயரத்துக்கும் மேலான விஜயநகரச் சிற்பங்கள். உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார். சிறிது தள்ளி ஊர்த்துவ தாண்டவர், அவர் கால் இன்னும் உயரே. கல்லில் நரம்போட்டமும் நக அழகும் தெரியும். பர்கர் சொன்ன சோதனையும் ஏறத்தாழ இதுதான், நோயாளி படுத்துக்கொள்வார் என்பது மட்டும் வித்தியாசம். காலை உயர்த்திப் பிடித்தால் ரத்தம் ஏற முடியாத பாதம் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளுக்கும். இறக்கித் தொங்கவிட்டால் மெல்ல நிறம் திரும்பி, பிறகு இயல்புக்கு மீறிச் சிவக்கும். நம் கறுத்த தோலில் இதை உள்ளங்காலில் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பது. பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் தசைநாணுக்குச் சற்று வெளிப்புறம் ஒன்று. உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் துடித்தால் நிம்மதி. துடிக்கவில்லை என்றால் கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6. சரியான காலில் இது ஒன்றுக்குக் கீழே அதிகம் போகாது. 0.9-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே இறங்கினாலோ நோய் உறுதி. சர்க்கரை நோயில் தமனி சுண்ணமேறி விறைத்திருந்தால் விகிதம் 1.4-ஐத் தாண்டி நல்லது போல ஏமாற்றும். அப்போது கால்விரலில் அழுத்தம் எடுப்பார்கள், டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள்.

கையில் ஒரு டாப்ளர் பேனா, அழுத்தமானி, பத்து நிமிடம். இவ்வளவுதான் செலவு. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசலுக்கே மாத்திரை வருகிறது. பெரிய விஷயம். 'பாதம் பாதுகாப்போம்' என்று தனித் திட்டமும் அரசு வைத்திருக்கிறது. எல்லாம் இருந்தும் மருத்துவர் அறையில் ஒருவர் செருப்பைக் கழற்றி, வேட்டியைத் தூக்கி, பாதத்தைக் காட்டுகிற காட்சி இன்னும் வழக்கமாகவில்லை. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். கூச்சப்பட இது நேரமில்லை.

மாத்திரையும் நடையும்

சிவப்பணுவை இளக்கினால் நோய் தீருமா என்ற கேள்வி ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனிகளை ஈர்த்தது. பென்டாக்ஸிஃபிலின் என்ற மாத்திரை அணுவின் இளக்கத்தைக் கூட்டும் என்ற பேரில் 1984-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கேட்க அழகான தர்க்கம். ஆனால் 698 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2000-ல் வெளிவந்தபோது, இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் 64 மீட்டர் அதிகம் நடந்தார்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 65 மீட்டர் அதிகம் நடந்தார்கள். சிலோஸ்டசால் என்ற இன்னொன்று 107 மீட்டர் தந்தது. இது பயன்படும், இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் கூடவே கூடாது. ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று கடைகளில் விற்கும் பொடி, லேகியம் வகையறாவுக்கு இந்த அளவுக் கணக்கையும் யாரும் காட்டுவதில்லை.

ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஸ்டாடின், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை என்பவை காலைவிட உயிரைக் காக்க. விடாமல் சாப்பிட வேண்டும். புண் ஆறவில்லை, விரல் கருக்கிறது, படுத்தாலும் வலிக்கிறது என்றால் பலூன், ஸ்டென்ட், பைபாஸ் என்று போக வேண்டும். மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ரத்தநாள மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று முதலில் கேட்க வேண்டும். ரத்தம் போகாத காலில் விரலை வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது, அடுத்து பாதம், அடுத்து முழங்கால் என்று மேலே ஏறும்.

அந்தக் கட்டம் வராதவர்களுக்கு, அதாவது நின்று நின்று நடக்கிற பெரும்பான்மையோருக்கு, இன்றைக்கும் முதல் மருத்துவம் நடைதான். வலிக்கும்போது நடப்பதா என்று வீட்டில் பதறுவார்கள். வலிக்கும்வரை நடக்க வேண்டும், வலி நன்றாகப் பிடித்ததும் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். டென்மார்க்கில் லார்சனும் லாசெனும் 1966-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். பின்னால் வந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆய்வில், மேற்பார்வையோடு பயின்றவர்கள் வலியில்லாமல் நடக்கும் தூரம் சராசரி 82 மீட்டரும், மொத்தமாக நடக்கும் தூரம் 120 மீட்டரும் கூடியிருந்தது. மாத்திரைக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று மாதம் கழித்துக் கணுக்கால் அழுத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். குழாய் திறக்கவில்லை. திறந்தது குழாய்க்கு அப்பால்: தசை கிடைத்த ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்கிறது, தசையின் மைட்டோகாண்ட்ரியா தேறுகிறது, குழாயின் உட்சுவர் விரியப் பழகுகிறது. குழாயை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த முன்னேற்றம் புரியாது. மறுபக்கம், ஸ்டென்ட் வைத்துக் குழாய் நன்றாகத் திறந்தும் முன்னைப் போல நடக்க முடியவில்லை என்று வருபவர்கள் இருக்கிறார்கள். பல வருடம் பட்டினி கிடந்த தசை ஒரே நாளில் தேறாது, அவர்களுக்கும் நடைப் பயிற்சி வேண்டும். எட்வர்ட் ஹவுஸ்லி என்ற மருத்துவர் 1988-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த நோயின் சிகிச்சையை ஐந்தே சொல்லில் எழுதினார். தமிழில் அதற்கும் குறைவாகவே போதும்: புகையை விடு, நட.

நடை என்றால் இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். அதில் பலர் ஐம்பது தாண்டியவர்கள், சுகர் மாத்திரையைப் பையில் வைத்திருப்பவர்கள், நேர்ச்சைக்காக வெறுங்காலில் தாருக்கும் கல்லுக்கும் ஈடுகொடுப்பவர்கள். மரத்துப் போன பாதத்தில் கொப்புளம் வெடித்தது தெரியாமல் ஒட்டன்சத்திரம் வரை போய்ச் சேர்ந்தவர்களின் புண்தான் மாசியில் மருத்துவமனைக்கு வருகிறது. மரத்த பாதத்துக்கென்றே ஒரு செருப்பு இதே தமிழ்நாட்டில் உருவானது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தவர்களும் தொழுநோயாளிகளுக்காக நுண்ணறை ரப்பர் வைத்துச் செய்ததை, இன்று எம்சிஆர் செருப்பு என்று சர்க்கரை நோய் மருத்துவமனைகள் எழுதிக் கொடுக்கின்றன. இரவோடு இரவாக மாட்டிக்கொண்டு கிளம்பாமல் ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டில் பழக வேண்டும். புறப்படுமுன் பாத நாடி பார்த்துக்கொள்ள வேண்டும். நாடி கிடைக்காதவர் அந்த வருடம் பேருந்தில் போகட்டும். கிடைத்தவர் செருப்போடு நடக்கட்டும், தங்கும் இடத்தில் ஒவ்வொரு இரவும் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லட்டும். நேர்ச்சையை மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றியும் செலுத்திக்கொள்ளலாம். முருகன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற சாமி இல்லை.